சுவருக்குப் பின்னால் ஒரு குடம் தண்ணீர்

சுவர் எழுப்பும் மேஸ்திரிகளுக்கும் கொத்தனார்களுக்கும்,

இந்த மடலை இன்ஜினியர்களுக்கு எழுதியிருக்கலாம், வீட்டுக்காரர்களுக்கும் எழுதியிருக்கலாம். ஆனால் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிய இன்ஜினியர் காகிதத்தில் போட்ட ஓட்டை சைட்டுக்கு வந்து அடைபடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். ஊர்ப்பக்கம் எழும் காம்பவுண்டு சுவர்கள் பலவற்றுக்குக் காகிதமே கிடையாது. "இங்கேருந்து அந்தப் புளியமரம் வரைக்கும் எட்டடி ஏத்திடுங்க மேஸ்திரி" என்று வீட்டுக்காரர் கை நீட்டிக் காட்டுவார். நீங்கள் நூல் கட்டி வேலையைத் தொடங்குவீர்கள். பிளான், அப்ரூவல், மேற்பார்வை எதுவும் இல்லாத அந்த இடத்தில் சுவரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இரவெல்லாம் மழை. விடிந்தும் விடியாத நேரத்தில், ஏறத்தாழ இருபதடி உயரச் சுவர் பக்கத்திலிருந்த வீடுகள்மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சுவர் ஏன் அவ்வளவு உயரத்துக்குப் போனது என்று கேட்டால் பதில் சாதியில் போய் முடியும். அங்கே குடியிருந்தவர்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை, அது பெரிய கேள்வி. கட்டச் சொன்னவர் மனதை ஒரு கொத்தனார் மாற்றிவிட முடியாது. ஆனால் எந்தச் சுவராக இருந்தாலும் அதன் பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வழி விட அவரால் முடியும்.

2014 ஜூலை 6 அன்று திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 11 பேர் இறந்தார்கள். சுவரோரம் குடிசை போட்டுத் தங்கியிருந்த கட்டடத் தொழிலாளர்கள், உங்கள் தொழில்காரர்கள். 2019 ஜூன் 29 அன்று புனேயின் கோந்த்வாவில் குடியிருப்பு ஒன்றின் சுவர் விழுந்து 15 பேர்; அங்கேயும் தொழிலாளர் கொட்டகைகள்மேல்தான். அடுத்த மூன்றாம் நாள் மும்பை மாலாடில் இன்னொரு சுவர். ஊர் மாறுகிறது, மழையும் சுவரும் கீழே படுத்திருக்கும் ஏழையும் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் "கனமழை காரணமாக" என்று செய்தி வருகிறது. மழையைக் குற்றவாளியாக்கினால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சரி, மழை அந்தச் சுவரை என்னதான் செய்கிறது? "மண் ஊறிப் போச்சு, வெயிட் தாங்கலை" என்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு விடை உங்கள் பையிலேயே இருக்கிறது. டியூப் லெவலை வெளியே எடுங்கள்.

முப்பதடி தள்ளி இருக்கும் இரண்டு தூண்களில் ஒரே மட்டம் குறிக்க அந்தக் கண்ணாடி டியூபைத்தானே நம்புகிறீர்கள்? நடுவில் டியூப் சுருண்டு கிடந்தாலும், பள்ளத்தில் இறங்கி ஏறினாலும், குமிழி மட்டும் இல்லையென்றால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையை 200 லிட்டர் டிரம்மோடு சேர்த்துப் பாருங்கள். டிரம்மில் இத்தனை தண்ணீர், டியூபில் இருப்பதோ கால் லிட்டர். டிரம் தண்ணீர் டியூப் தண்ணீரைப் பிடித்து மேலே தள்ளிவிட வேண்டாமா? தள்ளாது. இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து அழுத்துவதில்லை, எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அழுத்துகிறது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். அகலமும் கொள்ளளவும் அதில் சேர்த்தியில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். மாடியில் இருக்கும் தொட்டியின் மேல்பக்கம் விரிசல் விட்டால் தண்ணீர் வழியும். அதே விரிசல் அடிப்பக்கம் விழுந்தால் பீய்ச்சி அடிக்கும், அதுவும் பக்கவாட்டில். தண்ணீருக்குக் கீழ்நோக்கி மட்டும் அழுத்தத் தெரியும் என்று நினைத்தால் தப்பு. எந்த ஆழத்தில் கீழே எவ்வளவு அழுத்துகிறதோ, அந்த ஆழத்தில் பக்கத்திலும் அவ்வளவே அழுத்தும். மேலேயும் தள்ளும். மழைக்காலத்தில் காலியாக விட்ட சம்ப் தரையை விட்டு எழும்பி நிற்பதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதுவும் இதே தண்ணீரின் வேலைதான்.

இப்போது சுவருக்கு வருவோம். பத்தடி உயரச் சுவர், பின்னால் முழுக்க மண். கோடையில் அந்த மண் காய்ந்து சுருங்குகிறது. கரிசலாக இருந்தால் சொல்லவே வேண்டாம், பாளம் பாளமாக வெடித்துச் சுவரை விட்டு விலகும். அரை அங்குல இடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை வந்து அந்த இடுக்கு நிரம்புகிறது. சுவரின் ஓர் அடி நீளத்துக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? கணக்குப் போட்டால் 12 லிட்டருக்குள்தான் வரும். ஒரு பிளாஸ்டிக் குடம்கூட நிறையாது.

அந்த ஒரு குடம் தண்ணீர் அந்த ஓரடிச் சுவரைத் தள்ளும் பலம் 1,400 கிலோ.

எழுத்துப்பிழை இல்லை. பின்னால் ஒரு ஏரியே நின்றாலும் அதே 1,400 கிலோதான். அரை அங்குல இடுக்கில் நின்றாலும் அதே 1,400 கிலோதான். டிரம்முக்கும் டியூபுக்கும் இருந்த அதே நியாயம். அதனால் "பின்னாடி தண்ணி நிக்கிற மாதிரி இடமே இல்லையே" என்று யாரும் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் நிற்க விரல் நுழையாத இடம் போதும்.

கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோவுக்குச் சற்று மேல். தண்ணீர் எத்தனை அடி உயரம் நிற்குமோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், பிறகு 14-ஆல் பெருக்குங்கள். சுவரின் ஓரடி நீளத்தின்மேல் விழும் தள்ளு கிலோ கணக்கில் வந்துவிடும். மூன்றடி நின்றால் 126 கிலோ. ஆறடி என்றால் 504. பத்தடிக்கு 1,400. இருபதடிக்கு 5,600. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. சுவரைக் குப்புறக் கவிழ்க்கும் பலம் எட்டு மடங்கு, ஏனென்றால் தள்ளும் இடமும் அடியிலிருந்து மேலே ஏறிவிடுகிறது. ஆறடிச் சுவரில் பிழைத்துக்கொண்ட பழக்கத்தை வைத்துப் பன்னிரண்டடிச் சுவரைக் கட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான். "நான் முப்பது வருஷமா இப்படித்தான் கட்டறேன், ஒண்ணும் விழலையே" என்பவர் அந்த முப்பது வருடமும் என்ன உயரம் கட்டினார் என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

இன்னும் ஒரு கணக்கு சொல்கிறேன், இது கொஞ்சம் கசக்கும். பத்தடி உயரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஓரடி நீளத்தின் எடை சுமார் 400 கிலோ. தூண் இல்லை, கம்பி இல்லை, காரையின் பிடிப்பையும் சேர்க்க வேண்டாம். சுவர் தன் எடையால் மட்டும் நிற்கிறது என்று வையுங்கள். பின்னால் எத்தனை அடி தண்ணீர் நின்றால் அது கவிழும்? மூன்றேகால் அடி. பத்தடிச் சுவருக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீர் போதும். அதற்குமேல் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது காரையின் பிடிப்பும் அஸ்திவாரத்தில் நட்ட தூணும் கொஞ்சம் அதிர்ஷ்டமும். ஹாலோ பிளாக் என்றால் எடை இன்னும் குறைவு.

மண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காய்ந்த மண் தன் எடை முழுவதையும் வைத்துச் சுவரைத் தள்ளாது. மண்ணுக்கு மண் பிடிப்பு உண்டு, சரிந்து நிற்கத் தெரியும். நல்ல கிராவல் மண் என்றால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, முழுதாகத் தள்ளும். மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால், ஊறிய மண்ணின் தள்ளு கொஞ்சம் குறைந்தாலும் தண்ணீரின் முழுத் தள்ளு அதன்மேல் வந்து சேர்ந்துகொள்ளும். மொத்தத்தில், காய்ந்திருந்தபோது சுவர் தாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். சித்திரையில் கட்டிய சுவர் சித்திரையில் நிற்பதைப் பார்த்து யாரும் கைதட்ட வேண்டாம்.

இனி நான் உங்களிடம் கோபித்துக்கொள்ளும் இடம்.

ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, வீடு பள்ளத்தில் போகிறது. வீட்டுக்காரர் நாலு லோடு கிராவல் அடித்து மனையை உயர்த்துகிறார். எங்கே கொட்டுகிறார்? ஏற்கெனவே நிற்கும் காம்பவுண்டு சுவரில் அணைத்து. அந்தச் சுவர் ஆடு மாடு வராமல் இருக்கக் கட்டியது. இரண்டு பக்கமும் காற்று மட்டும் படும் என்று நினைத்துக் கட்டியது. மண் அணைத்த நிமிடத்திலிருந்து அது தாங்கு சுவர். ஆனால் அதற்கு அந்த அஸ்திவாரம் இல்லை, அந்தக் கனம் இல்லை, ஓட்டையும் இல்லை. லோடு அடிக்கும்போது நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள், அல்லது உங்கள் ஆள் நிற்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "அண்ணே, இது மண்ணு தாங்கற சுவரு இல்ல, வேற கட்டணும்." சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த தெரு மேஸ்திரி சத்தம் போடாமல் செய்துகொடுத்துவிடுவார். அதனால்தான் தனித்தனியாக ஒருவர் காதில் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஊரில் இருக்கும் எல்லா மேஸ்திரியும் ஒரே பதிலைச் சொன்னால் வீட்டுக்காரர் எங்கே போவார்?

தண்ணீர் வடியும் ஓட்டை, அதாவது வீப் ஹோல், விட்ட இடங்களிலும் கதை வேறு மாதிரி முடிகிறது. கட்டும்போது விடுகிறீர்கள். பூச்சு வேலையில் பாதி அடைபடுகிறது. மிச்சத்தைப் பெயிண்டர் பட்டி வைத்து மூடிவிடுகிறார், சுவர் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். அதற்கும் தப்பிய ஒன்றிரண்டிலிருந்து முதல் மழையில் செம்மண் தண்ணீர் வழிந்து பெயிண்ட்மேல் கோடு விழும். வீட்டம்மா கூப்பிடுவார்: "ஏம்ப்பா, புதுச் சுவத்துல ஓட்டை எதுக்கு? பாம்பு வரும்ல?" நீங்களும் போய் ஒரு கை சிமெண்டை அப்பிவிட்டு வருவீர்கள்.

அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்: செம்மண் கோடு விழுகிறதென்றால் சுவர் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். பாம்புக்குப் பயமென்றால் குழாயின் பின்வாயில் கம்பி வலை கட்டலாம், அதற்குப் பின்னால் ஜல்லி நிற்கும், பாம்பு எங்கே போகும்? பக்கத்து மனைக்காரர் "உன் தண்ணி என் இடத்துல விழக் கூடாது" என்று மல்லுக்கு நின்றால் அதற்கும் வழி இருக்கிறது. சுவரின் உள்பக்கம் அடியில் துளை போட்ட நாலங்குலக் குழாயைப் படுக்கவைத்து, சுற்றிலும் ஜல்லி போட்டு, வாட்டம் பார்த்துத் தெருப் பக்கம் கொண்டுவந்து விடுங்கள். சண்டையும் இல்லை, தேக்கமும் இல்லை. செலவு என்று யாராவது இழுத்தால் ஒரு லோடு ஜல்லியின் விலையையும் இரண்டு மூன்று லெங்த் பிவிசி குழாயின் விலையையும் சொல்லுங்கள். சுவரின்மேல் வைக்கும் கிரில் டிசைனுக்கு அதைவிடக் கூட ஆகும்.

ஒரு ஓட்டை இத்தனை பெரிய தள்ளை எப்படிக் குறைக்கும் என்று சிலர் கேட்பீர்கள், நல்ல கேள்வி. ஒரு குடம் தண்ணீர்தான் 1,400 கிலோவாகத் தள்ளுகிறது என்றோமே, அந்த ஒரு குடம் வடிந்துவிட்டால் அந்த 1,400 கிலோவும் போய்விடும். இடுக்கில் நிற்பது கொஞ்சம் என்பதால் வடிவதும் சீக்கிரம். ஒரே நிபந்தனை, அந்த வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் மழை விட்ட பிறகும் மேட்டிலிருந்து ஊற்று இறங்கிக்கொண்டே இருக்கும். வானம் வெளுத்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தபின் சுவர் விழுவது அதனால்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தண்ணீரின் அளவு பெரிதல்ல, உயரமே பெரிது என்று 1586-லேயே சைமன் ஸ்டெவின் எழுதிவிட்டார். மதகும் கரையும் பார்த்த இன்ஜினியர் அவர். படித்தவர்களின் லத்தீனை விட்டுவிட்டு ஊர்க்காரர்கள் பேசும் டச்சு மொழியில் அதை எழுதினார். தெரிந்திருந்தும் பெரிய பெரிய ஆட்களே கோட்டை விட்டிருக்கிறார்கள். பிரான்சில் மால்பாசே அணை 1959 டிசம்பர் 2 அன்று இரவு உடைந்தது; நடூருக்குச் சரியாக அறுபது வருடம் முன்பு, அதே தேதி. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அணையின் கான்கிரீட்டில் குறையில்லை. இடது கரைப் பாறையின் இடுக்குகளுக்குள் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தி, பாறையையே நகர்த்திவிட்டது. அதற்குப் பிறகு அணை கட்டுகிறவர்கள் அடிப்பாறைக்குள் வடிகால் துளை போடுவதில் முன்னைவிடக் கறாராக ஆனார்கள். அணைக்கே வடிகால் வேண்டுமென்றால் காம்பவுண்டு சுவர் எந்த மூலை?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் தாத்தாக்கள் கட்டிய கிணறுகளை எட்டிப் பாருங்கள். காரை வைக்காமல் கல்லைக் கல்லோடு அடுக்கி இறக்கியிருப்பார்கள். ஊற்று கல்லிடுக்கு வழியே உள்ளே வரும், பின்னால் தேங்கித் தள்ளாது. நீலகிரி, கொடைக்கானல் மலைப்பாதைகளில் நிற்கும் பழைய கல்லடுக்குச் சுவர்களிலும் இதையே பார்க்கலாம், அந்தச் சுவர் முழுக்க ஓட்டைதான். நாம் சிமெண்டு வந்த பிறகு இடுக்குகளை அடைத்தோம். அடைத்தது தப்பில்லை, அடைத்த கையோடு குழாய் வைத்திருக்க வேண்டும்.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

மண் அணையப்போகும் எந்தச் சுவரையும் காம்பவுண்டு சுவர்க் கணக்கில் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். நாலடிக்குமேல் மண் தாங்க வேண்டுமென்றால் ஒரு இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் கடக்கால் தோண்ட வேண்டாம். இதைச் சொல்வதால் உங்கள் மதிப்பு குறையாது. தாங்கு சுவரில் மூன்று அல்லது நாலங்குலக் குழாயை நீளவாக்கில் ஐந்தடிக்கு ஒன்றாக, உயரவாக்கிலும் வரிசை வரிசையாக, மேல் வரிசை கீழ் வரிசைக்கு நடுவில் வரும்படி வையுங்கள். கடைசி வரிசை வெளித் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். ஐந்தடி உயரத்தில் ஒரே வரிசை வைத்துவிட்டு வந்தால் அதற்குக் கீழே ஐந்தடித் தண்ணீர் அப்படியே நிற்கும். குழாய் வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கட்டும். பின்னால் களிமண்ணை அணைக்காதீர்கள், ஒரு அடி அகலத்துக்காவது ஜல்லி போடுங்கள், மண் வந்து அடைக்காதபடி இடையில் வடிகட்டித் துணி விரியுங்கள். பூச்சு முடிந்ததும் ஒவ்வொரு குழாயிலும் கம்பியை விட்டுப் பாருங்கள். பெயிண்டரிடம் நேரில் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

உங்கள் ஆட்களின் கொட்டகையைப் பெரிய சுவரின் நிழலில் போடவே போடாதீர்கள். மனை ஓரமாகத்தான் இடம் தருவேன் என்று காண்டிராக்டர் சொன்னால் அங்கே படுக்க மாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உப்பரபாளையத்திலும் கோந்த்வாவிலும் இறந்தவர்கள் படுத்திருந்தது அந்த மாதிரி இடத்தில்தான்.

கடைசியாக ஒன்று. வருடா வருடம் புரட்டாசி முடிவதற்குள், நீங்கள் கட்டிய சுவர்களை ஒருமுறை சுற்றி வாருங்கள். கூலி கிடைக்காத வேலைதான், தெரிந்தே கேட்கிறேன். தூக்குக்குண்டு எடுத்துப் போங்கள். நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, படிப்படியாக விரிசல் ஓடுகிறதா, அடியில் உப்புப் பூத்து எப்போதும் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வயிறு தள்ளிய சுவருக்குப் பூச்சு பூசி மறைக்கச் சொன்னால் பூசாதீர்கள். பின்னாலிருக்கும் மண்ணை எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை கீழே இருக்கும் வீட்டுக்காரர்களை இரவு வேறிடத்தில் தங்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ நகராட்சியிலோ எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். சுவர் நன்றாக இருந்து ஓட்டைகள் மட்டும் அடைந்திருந்தால், மூன்றடி நீளப் பத்து எம்எம் கம்பி ஒன்று போதும். ஒவ்வொரு குழாயிலும் குத்தி மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு, மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக்கில் ஹைட்ராலிக்ஸ் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவன்